ஒலிக்குழல் அன்று, ஒளிக்குழல்

கரை காக்கும் கோமானும், நாற்பது நெடுங்கலங்களின் தலைவரும், முத்துக் குளிக்கும் துறை ஏழுக்கும் உடையவருமாகிய கானல் நாட்டு வேந்தர் நெடுங்கலத்தார் திருமுன்னர், வேங்கைமலை நாட்டுக் கோமான் ஓங்குவேளின் திருமந்திர ஓலைநாயகமும் அமைச்சனுமாகிய கொற்றன் அழிசி தாழ்ந்து வணங்கி விடுக்கும் ஓலை. நும் துறைகளுக்குக் கலங்கள் பழுதின்றி மீள்க. நும் பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று விளைக. நும் படை, இப்பொழுது நிற்கும் சிற்றாற்றங்கரையிலேயே இன்னும் சில நாள் நின்று, அங்கே வீசும் நல்ல காற்றை வாங்கிக்கொண்டு, ஆற்றைக் கடவாமல் இளைப்பாறுக.

முதற்கண் அறிவிப்பது இது. நும் தங்கையாரும் எம் அரசியாருமாகிய நன்முத்தையார் நலமாக இருக்கின்றார். வயிற்றில் வளரும் குழந்தையும் நலம். அவரை எவரும் அடைத்து வைக்கவில்லை, எவரும் ஒற்றுக் கேட்கவில்லை, அவர் அறையில் பல்லி இல்லை. இருந்த ஒன்றிரண்டும் மூன்று நாளைக்கு முன்னர் ஓடிவிட்டன. அவை ஏன் ஓடின என்பதைச் சொல்லவே இவ்வோலை எழுந்தது. அதைச் சொல்லுமுன் அமைச்சன் மனம் இரண்டாய் நிற்கிறது. அச்சம் பாதி, மகிழ்ச்சி பாதி. படை வாசலில் நிற்கும்போது மகிழ்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று வேந்தர் கேட்கலாம். பொறுத்துக் கேட்டருள்க.

எம் கருங்கோட்டையை நீர் கண்டதில்லை. அம்பு மழை பெய்த காலத்தில் கட்டிய கோட்டை. சுவரின் கனம் எட்டு முழம். அரசியாரின் பள்ளியறை அதன் நட்டநடுவே, நான்கு புறமும் வேறு அறைகள் சூழ, மேலே படைக்கலக் கொட்டில் அமர, ஒரு சாளரமும் இன்றி இருப்பது. இந்நாட்டு அரசர் அனைவரும் அவ்வறையிலேயே பிறந்தனர். ஆகவே பிள்ளைப்பேறு அங்குதான் நிகழ வேண்டும் என்பது எம் வழக்கம். மணமுடித்து வந்த மறுநாள் அரசியார் கண்விழித்து, இன்னும் விடியவில்லையா என்று தோழியைக் கேட்டார். உச்சிப்பொழுது ஆகிவிட்டது என்று தோழி சொல்ல நேர்ந்தது. கடலும் வானும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று, வெட்கத்தோடு சொல்வதாயின், நாங்கள் எவரும் அன்று நினைக்கவில்லை. நாங்கள் இருட்டில் பிறந்தவர்கள்.

கருவுற்ற நான்காம் திங்களில், படி ஏறி இறங்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அன்று முதல் பகலெல்லாம் ஐந்து திரி எரிய, எண்ணெய்ப் புகையில் கண் கரிக்க, அரசியார் அவ்வறையிலேயே கிடந்தார். தையல் வேலையை எடுத்து வைத்துவிட்டார். கூட்டிலிருந்த கிளி ஒன்றே அவருக்குப் பேச்சுத் துணை. அதுவும் பிறகு வாய் மூடிக்கொண்டது. ஒருநாள் அவர் கோமானிடம், பிள்ளையை இருட்டில் பெற்று இருட்டில் வளர்க்கத் தம்மால் ஆகாது என்றும், அறைக்குப் பகல் வந்தால் இருப்பதாகவும், வராவிட்டால் பல்லக்கு ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போவதாகவும் சொல்லிவிட்டார். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அதனால்தான் கோமான் கலங்கிப் போனார். அன்று மாலையே அமைச்சன் அழைக்கப்பட்டான்.

கற்றச்சர்கள் வந்தனர், தட்டிப் பார்த்தனர், சுவரைத் துளைத்தால் மேல்தளம் அப்படியே தலைமேல் உட்காரும் என்று சொல்லிப் போயினர். பிறகு வந்தவள் கன்னார் தெருத் தூவி. அரண்மனைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவள். மூன்று பிள்ளைகளின் தாய், எவருக்கும் குரலைத் தாழ்த்தாதவள். நீண்ட நீர்க்குழாய்க்கு உள்ளே ஈயம் பூசினால், அது நன்றாகப் பிடித்ததா என்று பார்க்க அவர்கள் குழாயை வானத்தை நோக்கிப் பிடித்து மறுமுனையில் கண் வைப்பது வழக்கமாம். பூச்சு நன்றாயின் பார்ப்பவர் முகத்தில் வெளிச்சம் கொட்டுமாம். அவள் சொன்ன சொல் இது: “முகத்துல கொட்டுறது ரூமு முழுக்கக் கொட்டாதா சாமி? வெயிலுக்கு வழி போட்டுக் குடுத்தா அது வராம எங்க போவும்?” ‘ரூமு’ என்பது எந்த நாட்டுச் சொல் என்று அமைச்சன் கேட்டான். கப்பலில் ஈயம் விற்க வந்தவர்கள் அறையை அப்படித்தான் சொல்வார்களாம். சொல் எதுவானாலும் வழி பிறந்தது என்று அமைச்சன் கை தட்டினான்.

வேந்தே, அந்தக் குழலை நீர் காண வேண்டும். அகலம் ஒரு சாண், நீளம் பதினான்கு முழம். செம்புத் தகட்டை உருட்டி, உள்ளே ஈயம் பூசி, புளியும் செங்கல் தூளும் இட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியுமளவு பளபளக்க வைத்தாள். மேல்தளத்துக்கு வெளியே தலை நீட்டும் வாயில் பளிங்குக் கிண்ணம் கவிழ்த்து, மழை இறங்காமல் மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி அடைத்தாள். நடுவே படைக்கலக் கொட்டிலின் உத்தரம் குறுக்கிட்டது. அவள் அசரவில்லை. குழலை அவ்விடத்தில் முழங்கை போல் மடக்கி, மடிப்பில் வெண்கல ஆடி ஒன்றைச் சாய்த்துப் பொருத்தினாள். வெயில் ஆடியில் மோதித் திரும்பி, சொன்ன பேச்சைக் கேட்டுக் கீழே வருமாம். இனி வேண்டியது ஒன்றே. அறைக்குள் இறங்கும் கீழ்முனையை வெறும் வாயாக விட்டால் வெயில் காசு போல் ஒரே இடத்தில் விழுந்து கண்ணைக் குத்தும். அதைப் பால் போல் பரப்பித் தர ஒளி ஊடுருவும் மெல்லிய மூடி வேண்டும். அதற்கு ஏற்றது நும் கடலில் கிடைக்கும் தகட்டுச் சிப்பி என்று அரசியாரே சொன்னார். ஆகவே நும்மிடம் சிப்பி வேண்டி அமைச்சன் ஓலை விடுத்தான்.

கெட்டது அங்கேதான்.

வேங்கைமலை நாட்டாரின் நாக்கு ளகரத்துக்கு மடியாது. அரசர் முதல் ஆடு மேய்ப்பவர் வரை எமக்கு ளகரமும் லகரமும் ஒன்றே. அமைச்சனின் ஓலையை வழக்கமாக எழுதும் எழுத்தர் இதை அறிந்தவர். சொல்வது எதுவாயினும் சரியானதை எழுதிவிடுவார். அவர் அன்று தம் மகளின் திருமணத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகக் கோயில் ஓலை எழுதும் ஆதன் எயினன் வந்தார். மிகவும் நேர்மையானவர். பொருளற்ற சொல்லாயின் திருத்துவார், பொருள் உள்ள சொல்லாயின் கேட்டபடியே எழுதுவார், அதில் தம் கருத்தைக் கலப்பது பாவம் என்று எண்ணுபவர். அரசியார் பள்ளியறையில் கிளியோடு பேசிக்கொண்டிருக்கின்றார் என்று அமைச்சன் சொன்னான். பல்லியறையில் கிலியோடு பேசிக்கொண்டிருக்கின்றார் என்று அவர் எழுதினார். அறையின் கூரையில் ஒளிக்குழல் பதிக்கின்றோம், இனி அங்கே மறைவென ஒன்றும் இராது என்று அமைச்சன் பெருமையோடு சொன்னான். அவர் ஒலிக்குழல் என்று எழுதினார். முடிவில் உரக்க வாசித்தும் காட்டினார். கோமானும் அமைச்சனும் காது கொடுத்துக் கேட்டு, மிக அழகாக அமைந்திருக்கிறது என்று மெச்சி முத்திரை இட்டனர். எம் காதுக்கு இரண்டும் ஒன்றுதானே.

நும் மறுவோலை ஐயாயிரம் வேலோடு வந்தது. தங்கையைப் பல்லி ஓடும் அறையில் அடைத்து, கிலியோடு பேச வைத்து, பேசுவதை ஒற்றுக் கேட்கத் தலைக்கு மேல் குழலும் பதித்து, அந்தக் குழலுக்கு மூடி செய்யச் சிப்பியும் தம்மிடமே கேட்கும் துணிவு எந்த மலையில் விளைகிறது என்று நீர் வினவியிருந்தீர். வளர்பிறைப் பத்தாம் நாளுக்குள் தங்கை ஆற்றைக் கடந்து வராவிட்டால் படை கடக்கும் என்றும் அருளியிருந்தீர். எம் கோமானுக்குத் தலைகால் புரியவில்லை. வேலைத் தொட்டார், வைத்தார், மறுபடி தொட்டார். முடிவில், நும் படை நீரில் இறங்குமாயின் அதை எதிர்கொள்ள முதலில் இறங்கப் போகிறவன் அமைச்சனே என்றும், அதற்குக் கவசம் தரப்படாது என்றும் கட்டளையிட்டார்.

அந்நிலையில் அமைச்சன் செய்யத் தெரிந்தது ஒன்றே. முந்தைய ஓலையின் படியை எடுத்துக்கொண்டு அரசியாரிடம் போய்க் காலடியில் வைத்தான். இக்கோட்டையில் ளகரம் கேட்கும் காது அவருடையது ஒன்றுதான். விளக்கை அருகே இழுத்துப் படித்தார். முகம் சிவந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார், வேந்தே. மருத்துவர் பதறி ஓடிவந்து, வயிறு குலுங்கச் சிரிக்கலாகாது என்று கெஞ்சுமளவு சிரித்தார். அண்ணன் இடத்தில் இருந்து இதைப் படித்திருந்தால் தாமும் படையெடுத்திருக்கக்கூடும் என்று சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அண்ணன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று மெல்லச் சொல்லி, எழுந்து போய்ப் பேழையைத் திறந்தார்.

அதிலிருந்து எடுத்தது ஒரு சிப்பிப் பெட்டி. அவருடைய ஏழாம் வயதில் நீர் நும் கையாலேயே தகட்டுச் சிப்பிகளை வெள்ளிக் கம்பியால் கோத்துச் செய்து கொடுத்தது. மூடியின் மூலையில் கோணலாக ஒரு மீன் கீறியிருக்கும். எவரும் தொட அவர் விட்டதில்லை. அதைத் தூவியின் கையில் கொடுத்து, பிரித்துக் குழலுக்கு மூடி செய் என்றார். தூவி இரு கைகளையும் முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இனி அமைச்சன் சொல்லப் போவதை எப்படிச் சொல்வது என்று அவனுக்கே தெரியவில்லை. மூன்று நாளைக்கு முன்னர், உச்சிப்பொழுதுக்குச் சற்று முன், தூவி மேல்தளத்தில் பளிங்கை மூடியிருந்த சாக்கை இழுத்தாள். முதலில் கூரையில் சோறு வடித்த கஞ்சி போல் மங்கலாய் ஏதோ தெரிந்தது. அவ்வளவுதானா என்று அமைச்சன் மனம் உடைந்தான். தூவி மேலிருந்து இறங்கி, கொட்டிலுக்குள் புகுந்து, மடிப்பிலிருந்த ஆடியை விரற்கடை அளவு சாய்த்தாள். பகல் உள்ளே வந்தது. புகையும் இல்லை, திரியும் இல்லை, வெக்கையும் இல்லை. நானூறு ஆண்டு இருண்டு கிடந்த அறையில் சுவரிலே சிவப்பு வேங்கை ஒன்று தீட்டியிருப்பதை அன்றுதான் கண்டோம். அவ்வறையில் பிறந்த எம் கோமானே அதை அறியார். வாயைப் பிளந்து நின்றார். அரசியார் இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அழுதார். கூட்டில் இரண்டு திங்களாய் ஊமையாயிருந்த கிளி இறக்கையை உதறி, நும் நாட்டில் கற்ற சொல்லை ளகரம் பிசகாமல் உரக்கச் சொன்னது: வெளிச்சம். அமைச்சனும் கூடச் சொல்லிப் பார்த்தான். வரவில்லை.

ஆகவே வேந்தர் அறிந்தருள வேண்டுவது: அது பள்ளியறை. பேசியது கிளியோடு. பதித்தது ஒளிக்குழல். மறைவென இராது என்று சொன்னது இருட்டை. பிழை எழுதிய கையில் இல்லை. அமைச்சனின் நாக்கில் இருக்கிறது. அதற்குரிய தண்டத்தை அந்நாக்கு ஏற்கும்.

எம் கோமான் ஓங்குவேளின் ஆணையாவது: இன்று முதல் அயல்நாட்டுக்குப் போகும் ஓலை எதுவும் கானல் நாட்டுக் காது ஒன்று கேட்டு ஒப்பாமல் வேங்கைப் பொறி பெறாது. அக்காது அரசியாருடையது. இவ்வோலையும் அவர் அறையில், அவர் முன்னிலையில் எழுதப்பட்டு, வரிக்கு வரி அவரால் பார்க்கப்பட்டது. பதினேழு இடத்தில் திருத்தினார். பங்குனி வளர்பிறை ஏழாம் நாள் வேங்கைப் பொறி இட்டு, விரைந்த குதிரையில் விடுத்தோம். பொறிக்குக் கீழே இருப்பது அமைச்சன் சொல் அன்று. நும் தங்கையாரின் கையெழுத்து. நீர் அறிவீர்.

அண்ணா, எழுத்தரையும் அமைச்சரையும் வெளியே அனுப்பிவிட்டேன். அருகில் ஒருவரும் இல்லை. என்னை எவரும் எழுதச் சொல்லவில்லை. இப்போது நண்பகல். விளக்கு ஏற்றவில்லை. என் எழுத்து கோணாமல் இருப்பதைப் பார், உனக்கே தெரியும். நீ செய்த பெட்டியைப் பிரித்துவிட்டேன், கோபிக்காதே. மீன் கீறிய துண்டை மட்டும் குழலில் வைக்க மனம் வராமல் உனக்கு அனுப்புகிறேன். மீதி எல்லாம் என் தலைக்கு மேல் இருக்கிறது. வைகாசியில் உன் மருமகப்பிள்ளை இந்த அறையில் கண் திறக்கும்போது, முதலில் பார்க்கப் போவது உன் சிப்பியில் இறங்கி வரும் பகலைத்தான். இந்தக் கோட்டையில் இருண்ட அறை இன்னும் பதினொன்று இருக்கிறது. படையைத் திருப்பு. சிப்பி அனுப்பு.