சாம்பிராணிப் புகையில் ஒரு சிவப்புக் கோடு

ஜூன் 19, வியாழன்

காலையிலிருந்து தூறல். கம்பளை பஸ்ஸில் கண்டி வரை நின்றே வந்தேன். குடை வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

நாளை ஆலோசகர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். இந்த ஒளி ஆராய்ச்சி நிலையம் திறந்து ஏழு மாதம். ஒழுங்காக நடக்கிறதா, எதை மாற்ற வேண்டும் என்று சொல்வது அவர்கள் வேலை. ஒருவர் யாழ்ப்பாணத்துப் புரொபசர், வெளிநாட்டில் இருந்தவர். மற்றவர் கொழும்பு மெடம்.

செய்ய: கதிரை துடைக்க. புதுக் கோப்பை எடுக்க. ஜன்னல் சீலை கழுவ. கொழுந்து.

கொழுந்து என் பொறுப்பு. தேயிலையில் நோய் வெளியே தெரிவதற்கு முன்பே படம் பிடித்துக் காட்டுகிற மிஷின் ஒன்று எங்கள் நிலையத்தில் இருக்கிறது, கொழுந்து அதற்குத்தான். தங்கச்சி புசல்லாவையில் பறித்து, ஈரத் துணியில் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள்.

மிஷின் நிரோ மிஸ் பொறுப்பு. அவர் வேலை நிரந்தரமாவது இந்த இரண்டு பேர் கையெழுத்தில். பகல் சாப்பிடவில்லை. கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு சாவி, குளிக்கும்போதாவது கழற்றுவாரோ என்னவோ.

"யாருங்க மிஸ் கட்டுனது? மாப்பிள்ளைய கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறீங்க."

"போங்கோ அக்கா, உங்களுக்கு எப்பவும் பகிடிதான்."

சிரித்தார். அது போதும். கழுத்தில் கிடப்பது அலுமாரிச் சாவியாக இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

மழை விட்டிருந்தது. ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விட்டேன். வாசலில் நி. மிஸ் குடை இருந்தது, ஆள் இல்லை. மிஷின் அறை திறந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை, நல்ல காரியம். வீட்டுத் தூபக்காலைப் பையில் கொண்டு போயிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. சிரட்டைக் கரி, சாம்பிராணி. மூலைக்கு மூலை காட்டினேன். மிஷின் மேசைக்கு மூன்று சுற்று, நிரோ மிஸ் பேருக்கு. கூரையில் புகை மணி இன்னும் பொலித்தீன் பையோடுதான் தொங்குகிறது, அது கத்தவில்லை.

மேசை மேல் சின்னச் சின்னக் கண்ணாடிகள். மூடி இல்லை. புகை அங்கே போனதும் அதற்குள் சிவப்பாய் ஒரு கோடு. நூல் பிடித்த மாதிரி. கறுப்புப் பெட்டியிலிருந்து கிளம்பி, ஓரக் கண்ணாடியில் பட்டு மடங்கி, கொழுந்து வைக்கிற தட்டுக்குப் போனது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமியே வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஜன்னலைத் திறந்து புகையை விரட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

பத்து மணிக்குப் பெரியவர்கள். மிஷினில் படம் வந்தது, ஆனால் விடியற்காலைப் பனி மாதிரி. முதலில் என் கொழுந்தில்தான் குற்றம். "இலை வாடிட்டுதோ?" என்றார் புரொபசர். வாடவில்லை. கிள்ளிப் பார்த்தேன்.

ஜூன் 21, சனி

லீவு இல்லை. மழை. தேத்தண்ணி ஆறு தடவை. மெடத்துக்குச் சீனி வேண்டாம்.

புரொ. ஒரு கண்ணாடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். "பிசின் மாதிரி ஏதோ படிஞ்சிருக்கு. இதெல்லாம் ஆர் துடைக்கிறது?"

நிலையத்துக்குப் பொறுப்பான பணிப்பாளர் நி. மிஸ்ஸைப் பார்த்தார். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. மருந்து போட்டு அரைகுறையாகத் துடைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மெடம் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது: கவனம் இல்லாத பிள்ளை. எழுதியும் கொண்டார்.

தட்டை மேசையில் வைத்தேன். சாம்பிராணியும் பிசின்தானே.

நி. மிஸ் டாய்லட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அரை மணி நேரம் தண்ணீர்ச் சத்தம். வெளியே விளக்குமாறோடு நின்றேன். பகிடி ஒன்றும் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். துணி இரண்டு வாளி.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆட்டோவைக் கழுவிக்கொண்டே கேட்டார். "வாயத் தொறக்காத. ஒன் வேல போயிரும். அந்தப் புள்ள படிச்சது, வேற எடம் கெடைக்கும்."

நியாயம் மாதிரிதான் இருக்கிறது. மீன் கருகிவிட்டது. தூபக்காலை அடுப்புக்குப் பின்னால் ஒளித்தேன். எடுத்துப் பையில் வைத்தேன். திரும்பவும் அடுப்புக்குப் பின்னால். ஐந்தாம் வகுப்போடு நின்றவளை யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு தரம். கேட்காவிட்டாலும் அந்தக் குழாய்ச் சத்தம் நிற்கவில்லையே என்று ஒரு தரம்.

ஜூன் 23, திங்கள்

பஸ்ஸில் இடம் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் தூபக்கால்.

ஆலோசகர்கள் இன்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போகிற நாள். பணிப்பாளர் அறையில் எல்லோரும். நி. மிஸ் சுவர் ஓரமாக. தேத்தண்ணித் தட்டோடு போனேன். வைக்காமலே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, சாம்பிராணி, மூன்று சுற்று, எல்லாம்.

பணிப்பாளர் நம்பவில்லை. "சரோஜா, அந்தப் பிள்ளைய காப்பாத்தப் பாக்கிறீங்க."

"சத்தியமாங்க சேர். பொகைக்குள்ள செவப்புக் கோடு கூட பாத்தேன். பொட்டியில இருந்து வந்து, ஓரத்துக் கண்ணாடியில பட்டு, இப்படித் திரும்பிச்சு." தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் காற்றில் வரைந்தேன்.

புரொபசர் எழுந்துவிட்டார். "கோடு தெரிஞ்சதோ? அப்ப லேசர் எரிஞ்சுகொண்டிருந்திருக்கு. அறையில ஆர் இருந்தது?"

"யாருமில்லைங்க."

"ஆள் இல்லாமல் அதை விட்டிட்டுப் போகக் கூடாதம்மா. நேர பாத்திருந்தா உங்கட கண் போயிருக்கும்."

நி. மிஸ் முகத்தைப் பார்த்தேன். என் வாய் செய்த வேலை அப்போதுதான் புரிந்தது.

"நான்தாங்க சுவிட்சைப் போட்டேன். தொடைக்கிறப்ப கை பட்டிருச்சு."

புரொபசர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. "அதுக்குச் சுவிட்ச் இல்லையம்மா. சாவி போட்டாத்தான் எரியும்."

மெடம் பேனாவை மூடினார். நிரோ மிஸ் சுவரை விட்டு வந்து, நாடாவைத் தலை வழியாகக் கழற்றி, சாவியை என் தட்டில் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார்.