ரேசரின் கழுத்தில் ஒரு சிவப்பு

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் பதினோரு மாதமாகிவிட்டது. எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் கண் சொக்கிப் போகிறது, அதுதான் இத்தனை நாள். இன்று தீப்பெட்டிக் கம்பெனிக்கு லீவு. மாமா கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறார். உங்களிடம் பேச வேண்டியது உங்கள் ரேசரைப் பற்றி.

சிரிக்காதீர்கள். நீங்கள் இருந்தபோது அந்தப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பழைய இரும்புக் கடையில் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து எத்தனை பிரசங்கம்! "ஏட்டி, இத செஞ்சவன் மூளைக்காரன். அடியில திருகுனா தல ரெண்டு கதவாத் தொறக்குது பாரு. பிளேட கையில தொட வேண்டாம், கழட்டி மாட்ட வேண்டாம், ஒரு சாமானும் கீழ விழாது." மிஷின் ரிப்பேர் பார்க்கிற ஆளுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் மிஷின்தான். நம் வீட்டுக் கொல்லைக் கதவு ஒழுங்காகச் சாத்தாது. அதைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை.

இப்போது நானே பிரசங்கம் செய்கிறேன், கேளுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்கு முகம் வழித்துவிட்டது நீங்கள்தான். நீங்கள் போன பிறகு அவர் யாரையும் முகத்தில் கை வைக்க விடவில்லை. சலூன்காரர் வீட்டுக்கே வந்தார். கத்தியைக் கண்டதும் மாமா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வந்தவர் பயந்து போய்விட்டார். வலது கடைவாயில் வழிகிற எச்சில் தாடிக்குள் ஊறி, தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. ஆஸ்பத்திரியில், முடியை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், வெட்டுப் படக்கூடாது என்றார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

கடையில் புதுசாக விற்கிற பிளாஸ்டிக் ரேசர் வாங்கினேன். மாமா முடி உங்களுக்குத் தெரியாதா, சோளத்தட்டைதான். இரண்டு இழுப்பு இழுத்தால் முடியும் சோப்பும் உள்ளே அடைத்துக்கொள்கிறது. நம் தெருவின் உப்புத் தண்ணீரில் அதைக் கழுவவும் முடியவில்லை. அப்புறம்தான் உங்கள் ஷேவிங் செட்டைக் கையில் எடுத்தேன்.

நீங்கள் சொன்னதெல்லாம் நிஜம்தான் அத்தான். கனமாக இருக்கிறது, அழுத்தவே வேண்டாம், தன் பாரத்திலேயே இறங்குகிறது. தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் சுத்தமாகிவிடுகிறது. நுரை வருவதற்குக் குடிக்கிற தண்ணீரில் நீங்கள் ஒரு செம்பு எடுத்தால் நான் எவ்வளவு கத்தியிருக்கிறேன்! இப்போது நானே எடுக்கிறேன். யார் கத்துவது?

ஆனால் கோளாறும் இருக்கிறது, அதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. பிடி குட்டை. கையில் சோப்பு பட்டால் வழுக்குகிறது. கதவு ஓரமெல்லாம் உப்புப் படிந்து இறுகிக்கொள்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு, அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. இரண்டு பக்கமும் பிளேடு, பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்.

முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்தேன். புளி போட்டு ஊறவைத்து, உங்கள் நினைவாக, பளபளவென்று தேய்த்தேன். தலைக்குக் கீழே கழுத்தில் சிவப்பாக எதுவோ ஒட்டியிருந்தது. துரு என்றும் தோன்றவில்லை, சாயம் என்றும் தோன்றவில்லை. ஊக்கால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

மாமா அன்று உங்கள் ரேசரைப் பார்த்ததும் அடங்கி உட்கார்ந்தார். இடது கன்னம் நன்றாக வந்தது. தாடைக்குக் கீழே ரேசரைத் திருப்பிப் பிடித்தேன், கிழித்துவிட்டது. சின்ன வெட்டுதான். துண்டை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். ரத்தம் நிற்கவே இல்லை. கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் அழுதேன். அவர் அழவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு பல நாள் அதே சுவர்தான். என் கையால் சோறு வாங்கவும் மாட்டேன் என்றார். எனக்கு வெறுத்துப்போய்விட்டது அத்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், புதூருக்கு உங்கள் தங்கைக்குப் போன் போட்டேன். "மாமாவக் கொண்டுவந்து விடுதேன், நீ வச்சிக்க. என்னால ஏலல" என்றேன். "சரி மதினி, கூட்டிட்டு வாங்க" என்றாள். மாமாவின் வேட்டி துண்டையெல்லாம் பையில் எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் கிளம்புவதற்கு முன், இந்தத் தாடியோடு அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று மறுபடியும் ரேசரை எடுத்தேன். என் வீம்புதான், வேறென்ன. மாமா அதை வெகுநேரம் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு மெதுவாகத்தான் பேச்சு வரும்.

"அதுல செவப்பா ஒண்ணு இருக்குமே. எங்கட்டி?"

"நாந்தான் மாமா சொரண்டிட்டேன். அழுக்குன்னு நெனச்சேன்."

"அழுக்கில்லட்டி. அவன் வச்ச அடையாளம். ஒரு கதவு தேஞ்சு போச்சி, அந்தப் பக்கம் கடிக்கும். செவப்புத் தெரியுத பக்கத்த வச்சித்தான் எனக்கு வழிப்பான். ஒங்கிட்டச் சொல்லலியா?"

சொல்லவில்லையே, அத்தான். என் நெயில் பாலிஷை யார் திறந்து போட்டது என்று நான் சண்டை போட்டபோது எலி என்றீர்களே! இதற்குத்தானா?

பிளேடை மாட்டி, நீங்கள் செய்வதுபோல ஒற்றைக் கண்ணை மூடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பிளேடு மயிரிழை கூடுதலாக வெளியே நின்றது. என் முன்கையில் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்று சத்தமில்லாமல் போனது, மற்றது சிராய்த்தது. நல்ல பக்கம் தெரிந்துவிட்டது. அடையாளம் வைக்கச் சிவப்புக்கு எங்கே போவேன்? பதினாறாம் நாள் கண்ணாடி முன்னால் இருந்த வளையல், பொட்டு, நெயில் பாலிஷ் எல்லாவற்றையும் உங்கள் தங்கை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாளே.

மார்க்கெட் ரோட்டு ஃபேன்ஸி கடைக்குப் போனேன். "யாருக்கு மதினி?" என்று கடைக்காரி என் வெறும் நெற்றியைப் பார்த்துக் கேட்டாள். "ஷேவிங் செட்டுக்கு" என்றேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

வீட்டுக்கு வந்து, மாமா பார்க்கப் பார்க்க, கழுத்தில் ஒரு சொட்டு வைத்தேன். காயும்வரை இருவரும் ஊதினோம். பிறகு அவரே மோவாயைத் தூக்கிக் கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. முடிந்ததும் இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் பாட்டிலைப் பார்த்தார்.

"மிச்சத்த என்ன செய்யப் போற?"

"மூடி வைக்கேன் மாமா. சொட்டு அழிஞ்சா திரும்ப வைக்கணும்லா."

"மூடி வச்சாலும் காஞ்சிதான் போவும். வெரல்ல போட்டுக்கிடு."

பையைப் பிரித்து அவர் வேட்டிகளைக் கொடியில் போட்டேன். புதூருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன்.

அசதி அப்படியேதான் இருக்கிறது அத்தான். காலையில் எழும்போதே இடுப்பு வலிக்கிறது. ஆனால் மாமா என்னோடுதான் இருப்பார், இது சத்தியம். செவ்வாய், வெள்ளி போக ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்கு முகம் வழித்துவிடுவேன், சிவப்புத் தெரிகிற பக்கத்தை வைத்து. இந்தக் கடிதத்தைப் பிடித்திருக்கிற கையில் சுண்டுவிரல் நகம் ஒன்று சிவப்பாக இருக்கிறது. நாளைக்குக் கம்பெனியில் கேட்பார்கள். மாமா சொன்னார் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகள்
செண்பகம்