மீதிப் பாதி

லா ஷப்பேல், பாரிஸ்
12.9.1988

அன்பான மர்கரீத் அக்காவுக்கு,

மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி?

ஒபர்வில்லியேயில் நான் கேமரா பிடிக்கிற உள்ளூர் டெலிவிஷன் நிலையம் விலைக்கு வந்துவிட்டது. நாலு பேர் வந்து பார்த்தார்கள். ஒரு சிமெண்ட் வியாபாரிதான் விடாமல் நிற்கிறார். மார்ச்சில் நகராட்சித் தேர்தல். அதற்குள் நிலையம் முழுக்கத் தன் கைக்கு வந்தாக வேண்டுமாம். சட்டமோ பாதிக்கு மேல் ஒரே ஆளை வைத்துக்கொள்ள விடாது. மீதிப் பாதிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வேறு பேர்களைத் தேடுகிறார். உனக்கும் அது இருக்கிறது.

உன் பேருக்குப் பின்னால் அத்தான் பேர், என் பேருக்குப் பின்னால் அப்பா பேர். நாம் அக்கா தம்பி என்று இங்கே ஒருவனுக்கும் தெரியாது. இதோடு இருக்கும் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் வேலை உன் கையில்.

தம்பி,
அந்துவான்

புதுச்சேரி
28.9.1988

அருமைத் தம்பி அந்துவானுக்கு,

மூட்டுவலியை விசாரித்த கையோடு தலைவலியையும் அனுப்பியிருக்கிறாயே!

முதல் தாளில் நான் பங்கு வாங்குகிறேன். இரண்டாவதில் அதை விற்கிறேன்; தேதியும் இல்லை, யாருக்கு என்றும் இல்லை. வாங்கும் முன்னே விற்கச் சொல்கிறவன் நல்லவனா? எனக்குப் படிப்புதான் குறைவு, புத்தி குறைவில்லை.

அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனாவில் குண்டடி பட்டு வாங்கிய பென்சியோன்தான் என் சோறு. இது தெரிந்து நிறுத்திவிட்டால் நான் யார் வாசலில் போய் நிற்பேன்?

பள்ளிக்கூடத்தில் என் மார்க்கு நோட்டில் அப்பா மாதிரியே கையெழுத்துப் போட்டு என்னை அடியிலிருந்து காப்பாற்றினாய். அந்த நன்றிக்கு எது வேண்டுமானாலும் கேள். என் பேரைக் கேட்காதே.

தாள்களை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் அக்கா,
மர்கரீத்

லா ஷப்பேல்
5.11.1988

அக்காவுக்கு,

கோபமில்லை. விஷயம் முடிந்துவிட்டது. நிலையம் வியாபாரி கைக்கு வந்தது. எனக்கும் பதவி உயர்வு.

எங்கள் ஆபீஸ் ரோசாலியும் ஒரு பங்குக்குப் பேர் கொடுத்தவள். போன வாரம் தான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டச் சொல்லி வியாபாரியிடம் கேட்டாள். மறுநாள் அவள் நாற்காலியில் வேறொருத்தி. வீட்டுக்குப் போய்த் தட்டினேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கதவு திறக்கவில்லை. என் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கிற தவரத்தினம் அண்ணை, "உந்த ஆக்களோடை சேராதை தம்பி. இஞ்சை பேப்பர்தான் உயிர்" என்றார். பயமாகத்தான் இருக்கிறது, அக்கா.

ஒன்றே ஒன்று. யாராவது வந்து கேட்டால், உனக்குத் தம்பி இருப்பதாகச் சொல்லாதே. என் கடிதங்களையும் எரித்துவிடு.

அந்துவான்

புதுச்சேரி
19.12.1988

அந்துவான்,

இன்று பிரெஞ்சுக் கொன்சுலா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பாரிஸில் ஏதோ விசாரணையாம். மேசைமேல் அதே இரண்டு தாள். நான் எரித்தது எப்படி முழுசாக வந்தது என்று திகைத்துப்போனேன். அடியில் என் கையெழுத்து. கடைசி எழுத்தின் சுழிகூட அப்படியே இருந்தது.

"மதாம், இது நீங்கள் போட்டதா?" என்றார் அதிகாரி.

இல்லை என்றால் உன்னைத் தேடி வருவார்கள். "ஆமாம், நான்தான்" என்றேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றார். இல்லை என்றேன். நீ சொல்லிக்கொடுத்த பதில்தான். சொல்லும்போது பொய்யாகவே தோன்றவில்லை, போ.

அடுத்த மாதம் முதல் பென்சியோனை நிறுத்தி வைக்கிறார்களாம்.

மார்க்கு நோட்டுக் கடன் தீர்ந்தது. இனி எழுதாதே.

கீழே கையெழுத்துப் போடவில்லை. அதையும் நீயே போட்டுக்கொள்.