சபையில் வாசித்த ஜெபக்குறிப்பு

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு அத்தையின் ஸ்தோத்திரம்.

நாலு வரிக்கு மேல் எழுதினால் உன் பேனாவுக்கு வலிக்குமா? பாப்பாவுக்குப் பல் விழுந்ததைக்கூட ஒரே வரியில் முடித்துவிட்டாய்.

உன் வீட்டுக்காரன் குடியை விட்டுவிட்டான். ஞாயிறு தவறாமல் என்னோடு ஆராதனைக்கு வருகிறான். பாட்டு நடக்கும்போது தேம்பி அழுகிறான். அன்பு என்றால் பொறுத்துப்போவதுதான் என்கிறார் போதகர். வந்துவிடேன், கண்ணு.

உன் கடிதங்களைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம்தான் வாங்கிக்கொள்கிறேன். அவனுக்குத் தெரியாது.

அத்தை

மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

அவரை மன்னித்துவிட்டேன். முழங்காலில் நின்று, மனசாரத்தான். ஆனாலும் சலவைக்கூடத்தில் ஈரத்துணி வண்டி சுவரில் மோதினால் இன்றும் தலையைக் கைகளால் மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் துணி மடிப்பவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துவைக்கிறேன். மன்னிப்பது என் கையில் இருந்தது, பயம் என் கையில் இல்லை.

அவருக்காக ஜெபிக்கிறேன், இங்கிருந்தபடியே. நாங்கள் இருக்கும் இடம் மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம், அத்தை.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 2

கண்ணு, அவசரம்.

ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்வோமே, நானும் சொன்னேன். துறைமுக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கஷ்டப்படும் என் மருமகளுக்காக என்று. ஆண்டவருக்கு விலாசம் சொல்ல வேண்டுமா? என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். அதைப் போதகர் ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் அப்படியே வாசித்துவிட்டார். பின்வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருந்தவன் கண்ணைத் திறந்தான்.

வீட்டுக்கு வந்ததும், "பாப்பாவப் பாக்கணும் போல இருக்கும்மா" என்றான். மெதுவாகச் சொன்னான். அடிக்கப்போகும் முன்பு அவன் எப்படி மெதுவாகப் பேசுவான் என்று உனக்கே தெரியும்.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடு.

அத்தை

ஏப்ரல் 9

அத்தை,

கிளம்பிவிட்டோம். இப்போது வேறு ஊர். நாங்கள் போன மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாராம், வார்டு சிஸ்டர் சொன்னார். உங்கள் மேல் கோபமே இல்லை. எங்களுக்காக ஜெபிக்கத்தானே கேட்டீர்கள்.

இப்போது உங்களை நினைத்துத்தான் பயம். வெறுங்கையோடு திரும்பியவர் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவார்? இங்கே வந்துவிடுங்கள். பாப்பா சுவரோரமாக உங்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டாள், என்னைக்கூட அங்கே படுக்க விடுவதில்லை. வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், விலாசம் அனுப்புகிறேன். பதிலைப் பழைய ஆஸ்பத்திரிக்கே சிஸ்டர் பேருக்குப் போடுங்கள், அவர் சேர்த்துவிடுவார்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 20

அன்பு மகளுக்கு,

இது டீச்சரின் கையெழுத்து. என் கையில் கட்டுப் போட்டிருக்கிறது. வழுக்கி விழுந்தேன் என்று எழுதச் சொன்னேன். பொய் எழுதமாட்டேன் என்கிறார்.

"அவ எங்கம்மா போனா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாததால் சொல்வது சுலபமாக இருந்தது.

நேற்று அடிக்கவில்லை. என் மடியில் தலைவைத்துச் சின்னப்பிள்ளையாட்டம் அழுதான். "ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேம்மா." சிஸ்டர் பேர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கண்ணு. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

அவன் அடித்தால் சொல்லமாட்டேன். அழுதால் சொல்லிவிடுவேன். பெற்றவளாயிற்றே. அவனைவிட என்னை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அங்கே வந்தாலும், அவன் அழுகிறான் என்று கேள்விப்பட்டதும் ஓடிவந்துவிடுவேன்; அப்புறம் அவனுக்கு வழி தெரிந்துவிடும்.

அதனால் விலாசம் அனுப்பாதே. கடிதமும் வேண்டாம். பொறுத்துப்போ என்று உனக்கு எழுதினேனே, அதை மறந்துவிடு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமலே இருப்பதுதான் இனி நான் உங்கள் மேல் வைக்கக்கூடிய அன்பு.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அத்தை