தண்ணீர்த்தொட்டி மேடு

மார்ச் 3, திங்கள்

இன்றும் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டேன். ஆறாவது நிமிடம். ஆஸ்பத்திரி டிரெட்மில்லின் திரையில் நாடித்துடிப்பு 130-ஐத் தொட்டதும் கை தானாகப் போய்விடுகிறது. பிசியோதெரபிப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டே, "அண்ணா, உங்க நெஞ்சு சரியாத்தான் இருக்கு. கண்ணுதான் பயப்படுது" என்றாள்.

24-ஆம் தேதி டாக்டர் முன்னால் ஒன்பது நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும். காட்டினால் மறுபடி ஸ்டியரிங். இல்லாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை டெப்போ மேசையில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்கு டியூட்டி சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான். பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். மாரடைப்பு வந்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் ஆறு நிமிஷம் தாண்ட மாட்டேங்குது, என்ன பண்ணுவேன்?

மார்ச் 6, வியாழன்

ஐந்தரை நிமிடம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, வெள்ளி

வெளியே போய் மெதுவாக ஓடச் சொல்கிறாள் பிசியோதெரபிப் பெண். வாட்ச் கூடாதாம், நம்பர் கூடாதாம். "யாரையாவது கூட்டிட்டுப் போங்கண்ணா. பேசிட்டே ஓடுங்க. பேச்சு தடுமாறுனா நடங்க, அவ்வளவுதான்."

வீட்டில் சொன்னதும் மனைவி, "ரோட்டுலயா?" என்று அடுப்பையே அணைத்துவிட்டாள். மகள்தான், "நான் சைக்கிள்ல கூட வரேன்ப்பா" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

என் பஸ் ரூட்டிலேயே ஓடினேன். வேறு எந்த ரோடு எனக்குத் தெரியும்?

டிரெட்மில்லில் தரை ஓடும், நான் அங்கேயே இருப்பேன். எதிரே அதே சுவர், அதே காலண்டர். இன்று மார்க்கெட் என்னை நோக்கி வந்தது, என்னைத் தாண்டிப் போனது. இந்த ரோட்டுக்கு வாசனை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. பேக்கரி, ஈரச் சிமெண்ட், யார் வீட்டுச் சோப்போ. இத்தனை வருஷம் கண்ணாடிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேனா?

பேசிக்கொண்டே ஓட வேண்டுமே, எதைப் பேசுவது? வாயில் வந்ததெல்லாம் ஸ்டாப் பெயர்கள். "மார்க்கெட்... நூலகம்..." மகள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் தள்ளாடியது. "அப்பா, நீங்க டிரைவரா, கண்டக்டரா?" அதைவிட மானக்கேடு, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் என் கால் தானாக நின்றது.

மார்ச் 13, வியாழன்

எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. மகள் பின்னாலிருந்து "ரைட், ரைட்" கொடுத்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பைத் தாண்டியதும் உடம்பு கனத்தது. மூச்சு இழுத்தது. மறுபடி வந்துருச்சா? ரோட்டுலயே போயிருவேனா? அப்போதுதான் பார்த்தேன் — என் இடது கை காற்றில் கியரைக் குறைத்துக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருஷமாக அந்த இடத்தில் கை கியரைக் குறைக்கும். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அங்கே ஒரு மேடு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. கனத்தது நெஞ்சு இல்லை, ரோடு. அடியைக் குறுக்கினேன். ஒரு தடவைகூட மக்கர் பண்ணாமல் நெஞ்சு என்னை மேலே ஏற்றிவிட்டது.

மேலே போய் நின்று நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே எவ்வளவு வேகம், எவ்வளவு ஒழுங்கு. பிறந்ததிலிருந்து என்னைக் கேட்காமலே இது ஓடிக்கொண்டிருக்கிறது. அடிபட்ட பிறகும் ஓடுகிறது. பிரமித்துப்போய் நின்றேன், கண் கலங்கிவிட்டது. "வலிக்குதாப்பா?" என்று மகள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இல்லம்மா. மேடும்மா" என்றேன்.

மார்ச் 24, திங்கள்

மார்பெல்லாம் ஒயர். திரை என் முகத்துக்கு நேரே. அதைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து ஸ்டாப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆறாவது நிமிடம் முடிந்ததும் டிரெட்மில்லின் முன்பக்கம் இன்னும் மேலே தூக்கிக்கொண்டது. தண்ணீர்த்தொட்டி. அடியைக் குறுக்கினேன்.

"என்னங்க முணுமுணுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மேடு சார்."

கடைசி ஸ்டாப்பைச் சொன்னபோது ஒன்பது நிமிடம் தாண்டிவிட்டது. துடிப்பு 146 வரை போனதாம். நான் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலை முதல் டிரிப். தண்ணீர்த்தொட்டி தாண்டியதும் கை கியரைக் குறைத்தது. பஸ் முனகிக்கொண்டே ஏறியது. "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்று அதனிடம் சொன்னேன். மேலே போனதும், அடுத்த ஸ்டாப்புக்கு "ஸ்கூல்" என்று என்னை அறியாமல் குரல் கொடுத்துவிட்டேன்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அண்ணே, அதையாவது எனக்கு விட்டு வைங்க."