இருமலுக்குப் பிறகு அவர் சொன்னது

மார்ச் 4, செவ்வாய்

முதியோர் இல்லத்துப் படம் இருபத்திரண்டு நிமிஷத்துக்குள் அடங்க வேண்டுமாம். என் கையில் இருப்பது நாற்பத்தொரு மணி நேரம். எடிட்டிங் அறையில் ஏசி ஒழுகுகிறது, அடியில் பக்கெட் வைத்திருக்கிறேன். டைரக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு பிஸ்கட் தின்றான், தூள் முழுக்க என் தோளில். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வாய் நிறைய அக்கா, அக்கா. வேலை வாங்கும்போது மட்டும் மாமியார்.

ஏப்ரலில் மூன்று நாள் ஆவணப்பட விழா. வசூல் முழுக்க அந்த இல்லத்தில் லிஃப்ட் வைக்க. மாடியில் இருக்கும் பதினாலு பேர் கீழே இறங்கி வருஷக்கணக்காகிறது. நல்ல காரியம்தான். நல்ல காரியம் என்று சொல்லிச் சொல்லியே என்னை இதில் மாட்டிவிட்டான்.

மார்ச் 7, வெள்ளி

மாடி அறைப் பெரியவர். முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றவர், இப்போது கட்டிலைவிட்டு எழ முடியாது. கேமராவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசுகிறார்.

"யாரும் வரல. எம்புள்ளகூட வரல."

பிறகு இருமல். நல்ல நீளமான இருமல். அது ஓய்ந்ததும், "நான்தான் வராதடான்னு சொல்லியிருந்தேன். கோவம். ரெண்டு மாசம் பொறுத்தான். அப்புறம் கேக்காம வந்து நின்னுட்டான். இப்ப ஞாயித்துக்கிழமை தவற மாட்டான். கால் நகம்கூட அவன்தான் வெட்டி விடறான்."

டைரக்டர் திரையில், இருமல் தொடங்கும் இடத்தில் விரலை வைத்தான். "இங்கயே நிறுத்துக்கா."

"மிச்சம்?"

"மிச்சம் எதுக்கு? நாலு மாசம் போனோம். ஒரு நாளாவது அந்த மகன் மூஞ்சியப் பாத்தோமா?"

நாலு மாசமும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கெல்லாம் லீவுடா என்றேன். சிரித்தான். "ஜனங்க அழுதாத்தான்க்கா லிஃப்ட் வரும்."

வெட்டினேன். "எம்புள்ளகூட வரல" முடிந்ததும் ஒரு காலி நாற்காலியைக் கொண்டுவந்து ஒட்டினேன். அந்த நாற்காலி கீழ்த்தளத்தில், வேறொரு நாள் எடுத்தது. கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து எனக்கே ஒரு திருப்தி வந்தது, சனியன்.

மார்ச் 8, சனி

டைரக்டர் சொன்னான், நான் செய்தேன். இப்படி எழுதி வைத்துவிட்டால் ஆயிற்றா?

மார்ச் 27, வியாழன்

படம் முடிந்து விழாக்காரர்களுக்குப் போய்விட்டது. வழக்கமாகத் திரையிடும் வரைக்கும் எடுத்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பேன். இந்த முறை அடுத்த படத்துக்கு டிஸ்க் வேண்டும் என்று காலையிலிருந்து பத்து போன். "மிச்சத்தையெல்லாம் அழிச்சிடுக்கா, அதை யாரு கேக்கப் போறாங்க?"

அசல், நகல் இரண்டு டிஸ்க்கையும் அழித்தேன். உறுதியா என்று கம்ப்யூட்டர்கூட ஒரு தடவை கேட்டது.

மார்ச் 30, ஞாயிறு

பெரியவர் போய்விட்டாராம். கடைசியில் 'அவர் நினைவாக' என்று ஒரு அட்டை போட முடியுமா என்று டைரக்டர் கேட்டான். போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 12, சனி

எப்படி எழுதுவது இதை.

பள்ளிக்கூட ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, உட்கார இடமில்லை. "எம்புள்ளகூட வரல" வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் வாய்விட்டு அழுதாள். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், எதற்கும் வாயைத் திறக்காத மனிதர், "இவனெல்லாம் ஒரு மகனா?" என்று பல்லைக் கடித்தார்.

சிறந்த படத்தொகுப்புக்குக் கேடயம். எனக்குத்தான்! விழாத் தலைவி என்னையும் டைரக்டரையும் மேடையில் நிறுத்தி, யாராவது கேள்வி கேட்கலாம் என்று மைக்கைக் கீழே அனுப்பினார். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும், கட்டம் போட்ட சட்டை, பையில் பேனா.

"அந்த மகன் நான்தான்," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எங்கப்பா இத்தோட நிறுத்தியிருக்க மாட்டாரு. மிச்சம் எங்க?"

ஹாலே திரும்பி அவரைப் பார்த்தது. யாரோ "ச்சீ" என்றார்கள். டைரக்டர் மைக்கை வாங்கி, "அவ்வளவுதாங்க சொன்னாரு," என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் கேடயத்தைப் பார்த்தேன். அதில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அந்த நேரத்தில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்!

ஏப்ரல் 13, ஞாயிறு

டைரக்டரிடமிருந்து மெசேஜ்: லிஃப்ட் உறுதி. பக்கத்தில் ஏழு கும்பிடு.

ஏப்ரல் 22, செவ்வாய்

இல்லத்துக்குப் போனேன். அந்த மகனின் முகவரி வேண்டும் என்றதும் நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை வந்தா மாடி முழுக்க எல்லாருக்கும் நகம் வெட்டிட்டுத்தான் போவாரு அந்த மனுஷன். படமா எடுக்கறீங்க படம்?" முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதி மேஜைமேல் போட்டாள். கையில் தரவில்லை.

ஏப்ரல் 26, சனி

இரண்டாவது மாடி, இரண்டு அறை வீடு. மகனின் மனைவி கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் வேலையாம் மகனுக்கு. மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லாம் இப்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் சீட்டை நீட்டுகிறார்களாம். பெரியவரின் தங்கை, இவருக்கு அத்தை, வீடு தேடி வந்து, "பெத்தவன அநாதையாப் போட்டுட்டியேடா, இனி எம்மூஞ்சில முழிக்காத," என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா இல்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவர் அந்த அத்தைதான்.

பெரியவர் பேசினதை நின்றபடியே சொன்னேன். ஒரு பேச்சை நூறு தடவை ஓடவிட்டுக் கேட்பவள் நான், ஒரு சொல் மறக்குமா? இருமல் எவ்வளவு நேரம், "கோவம்" என்று சொன்ன பிறகு எங்கே மூச்சு வாங்கினார், "நகம்கூட" என்னும்போது எப்படிச் சிரிப்பு வந்தது, எல்லாம் சொன்னேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். 'கேக்காம வந்து நின்னுட்டான்' என்பதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அப்புறம், "இதை அன்னைக்கே மேடையில சொல்லியிருக்கலாமே, மேடம்," என்றார்.

அத்தைக்குக் காட்ட வேண்டும், போனில் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். இத்தனை வருஷத்தில் கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை. நான் யார், என்ன வேலை, எதை வெட்டினேன், எதை அழித்தேன், மேடையில் எப்படி வாயை மூடிக்கொண்டு நின்றேன், பெரியவர் என்ன சொன்னார், ஒன்று விடாமல் நாலு நிமிஷம் பேசினேன். வெளியே வந்தபோது பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

ஏப்ரல் 28, திங்கள்

மகன் வீடியோ அனுப்பியிருக்கிறார். நாற்பத்தெட்டு விநாடி. பெரியவர் சொன்னதை நான் சொல்வது மட்டும் இருக்கிறது. என் வேலை, வெட்டினது, அழித்தது, மேடை — ஒன்றும் இல்லை.

கீழே எழுதியிருந்தார்: 'உங்களப் பத்தின பகுதியெல்லாம் எடுத்துட்டேன் மேடம். வெளிய போனா உங்க பொழப்பு போயிடும். எனக்கு அப்பா சொன்னது போதும்.'

அப்பாடா என்று இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

ஏப்ரல் 30, புதன்

அத்தை பார்த்தாராம். "யாருடா இந்தப் பொம்பள? என்ன குடுத்து இப்படிப் பேச வெச்ச?" என்று கேட்டாராம். செத்த மனுஷன் பெயரில் நாடகம் வேறயா என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களாம்.

ஏன் பேச மாட்டார்கள்? எவளோ ஒருத்தி வந்து, பெரியவர் இப்படிச் சொன்னார் என்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த விதம் அந்த நாலு நிமிஷத்தில் இருக்கிறது. என்மேல் இரக்கப்பட்டு அதை எடுத்துவிட்டார்.

'பரவால்ல மேடம், விடுங்க' என்று முடித்திருக்கிறார்.

மே 1, வியாழன்

படத்தை இன்னும் இரண்டு ஊர் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அங்கேயும் ஏதோ இல்லத்துக்கு நிதி. "ஒரு காப்பி அனுப்புக்கா, சீக்கிரம்." புதுப் படத்தின் டிஸ்க்கும் வந்துவிட்டது. அதிலும் எனக்குத்தான் வேலை.

மே 2, வெள்ளி

'முழுசையும் அத்தைக்கு அனுப்புங்க. என் பேர், நான் பண்ணினது எல்லாத்தோடயும். எனக்கு ஒண்ணும் ஆயிடாது.' அந்த மகனுக்குக் காலையில் டைப் செய்தேன். 'ஒண்ணும் ஆயிடாது' என்பதை எடுத்தேன், திரும்பச் சேர்த்தேன். பிறகு மொத்தத்தையும் அழித்தேன். மத்தியானம் இன்னொரு தடவை டைப் செய்தேன்.

அது அனுப்பாமல் போனில் அப்படியே கிடக்கிறது. டைரக்டருக்குக் காப்பியை அனுப்பிவிட்டேன்.