கரண்ட் கட் நேரத்து சீரியல்

14-3-2003, வெள்ளி

பேய் சீரியல் மீனுவுக்குக் கூடாது, ஏழு வயதுக்குக் கார்ட்டூன் போதும் என்பது என் சட்டம். தினசரி கரண்ட் கட்டும் சீரியல் நேரத்திலேயே வருவதால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்று கரண்ட் போனதும் மெழுகுவர்த்தியோடு ஹாலுக்கு வந்தேன். இருண்ட டிவியையே மீனு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அக்கா கெணத்துலேர்ந்து ஏறிட்டாம்மா. இப்போ நம்ம அடுக்களைக்குப் போறா."

மாடியில் ராஜம் மாமி வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. சீரியல் சத்தம் கீழே கேட்டிருக்கும் என்று போய் விசாரித்தேன்.

"அவ கெணத்துலேர்ந்து ஏறினதோட இன்னிக்கு முடிச்சுட்டான். அடுக்களையொண்ணும் காட்டலை, கேட்டயா," என்றாள் மாமி.

படுக்கப் போகும்போது மீனு கேட்டாள்: "நாளைக்கும் கரண்ட் போகுமாம்மா? அந்த அக்கா கேக்கச் சொன்னா."

தினமும்தானே போகிறது.